அடுப்படிக்குள் அவளை விடுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். சிறு வயதிலிருந்தே இருட்டில் தடுமாறுவாள். மாலைக்கண் என்று நினைத்து முருங்கைக்கீரையும் பப்பாளியும் கொடுத்து வந்தோம். சென்ற ஆண்டு மதுரையில் காட்டியபோது ரெட்டினைடிஸ் பிக்மெண்டோசா என்றும், பார்வை மெல்ல மெல்லக் குறையும் என்றும், இப்போதைக்கு மருந்து இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். நான் என் தாய்மாமனையே கட்டிக்கொண்டவள். அதனால்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று என்று ஊரார் பேசுவதைக் கேட்க முடியவில்லை. அவளுக்கு நானே தலைவாரிவிட்டு, சோறு பிசைந்து கொடுத்து, பள்ளிக்கூட வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன். அடுப்படிப் பக்கம் அம்மாச்சி அவளை விடுவதில்லை. புத்தகம் நன்றாகப் படிக்கிறாள். ஆனால் காலடியில் இருக்கும் வாளியில் இடறி விழுகிறாள். “நடிக்கிறாள்” என்று ஆசிரியர் ஒருவரே சொல்லிவிட்டார். பார்வையற்றோர் பள்ளி விடுதியில் சேர்த்துவிடலாமா? வெள்ளைக்கோல் கொடுத்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடாதா? போன வாரம், தெருமுனை அண்ணாச்சி கடைக்குத் தனியாகப் போய்வரட்டுமா என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன். எனக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள்?

— சாத்தூர் அருகே ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாய்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்வையிழந்தவர்களுக்கு நடமாட்டமும் அன்றாட வேலைகளும் கற்றுக்கொடுத்து வருகிறேன்; “எனக்குப் பிறகு யார் பார்ப்பார்கள்” என்று என்னிடம் கேட்காத பெற்றோர் மிகச் சிலரே. உங்கள் மகள் தன்னைத் தானே பார்த்துக்கொள்வாள் என்பதுதான் அதற்கு என் பதில். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. தலைவாருவது, சமைப்பது, சாலையைக் கடப்பது, பணத்தை எண்ணுவது, பரீட்சை எழுதுவது என ஒவ்வொன்றுக்கும் பார்வையை நம்பாமல் செய்யும் முறை ஒன்று இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளப் பல மாதங்களும், சிலவற்றுக்குச் சில ஆண்டுகளும் பிடிக்கும். பார்வை இன்னும் மீதமிருக்கும் இந்த வயதில் தொடங்கினால் கை எளிதாகப் பழகிவிடும். ஆனால் அவள் பழகவேண்டிய வேலைகளையெல்லாம் இப்போது நீங்களே செய்து முடித்துவிடுகிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் நோயின் பெயரைவிட என்னைக் கவலைப்பட வைத்தது, பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குச் சோறு பிசைந்து கொடுக்கிறேன் என்று நீங்கள் எழுதிய வரி.

முதலில் நோயைப் பற்றி. அவள் நடிக்கவில்லை என்பதை நீங்களும் அந்த ஆசிரியரும் ஐயமின்றி அறிந்துகொள்ள வேண்டும். நம் விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கான குச்சி செல்கள் ஏறத்தாழ 12 கோடியும், நிறத்தையும் நுணுக்கத்தையும் பார்ப்பதற்கான கூம்பு செல்கள் ஏறத்தாழ 60 லட்சமும் இருக்கின்றன. இந்த நோயில் குச்சி செல்கள் முதலில் அழியத் தொடங்குகின்றன. அதனால்தான் முதலில் இருட்டில் பார்வை போகிறது. பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, ஒரு குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பதுபோல நடுப்பகுதி மட்டும் மிஞ்சுகிறது. புத்தகத்தின் எழுத்து அந்த நடுப்பகுதிக்குள் விழுவதால் அவளால் படிக்க முடிகிறது. காலடியிலுள்ள வாளி அதற்கு வெளியே இருப்பதால் தெரிவதில்லை. நண்பகலில் ஓடி விளையாடும் பிள்ளை மாலை ஆறரை மணிக்குச் சுவரைத் தடவுவதும், வெயிலிலிருந்து வகுப்பறைக்குள் நுழைந்தவுடன் சில நிமிடம் திகைத்து நிற்பதும் இதனால்தான். கண்ணுக்கு எவ்வளவு அகலம்வரை தெரிகிறது என்று அளக்கும் பார்வைப்புல அளவீட்டுச் சோதனையின் அறிக்கை உங்களிடம் இருக்கும். அதன் நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, இதே விளக்கத்தைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கீரையும் பப்பாளியும் நல்ல உணவுகள், தொடர்ந்து கொடுங்கள். ஆனால் வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் வேறு, இது வேறு. யாரோ சொன்னார்கள் என்று வைட்டமின் ஏ மாத்திரைகளை அதிக அளவில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்; அது கல்லீரலைக் கெடுக்கும். பார்வையைத் திரும்பக் கொண்டுவருவதாகச் சொல்லிச் சொட்டு மருந்தும் எண்ணெயும் விற்பவர்களிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். 2017 டிசம்பரில் அமெரிக்காவில் மரபணுச் சிகிச்சை ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது உண்மைதான். ஆனால் அது ஆர்பிஇ65 என்ற ஒரே ஒரு மரபணுவில் பழுதுள்ளவர்களுக்கு மட்டுமே உரியது. இந்த நோய்க்குக் காரணமாகும் மரபணுக்களோ பல பத்து. ஆராய்ச்சி நடக்கட்டும், நீங்கள் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவதை நிறுத்தாதீர்கள். ஏனென்றால் இந்த நோயுள்ளவர்களுக்குக் கண்புரையும் விழித்திரை நடுவில் வீக்கமும் சேர்ந்து வரக்கூடும். அவற்றுக்கு மருத்துவம் உண்டு.

தாய்மாமனை மணந்ததைப் பற்றி ஊரார் பேசுவது உங்களை வருத்துகிறது. இந்த நோய் சில குடும்பங்களில் தாய், தந்தை இருவரிடமும் வெளியே தெரியாமல் இருக்கும் ஒரே மரபணுப் பழுது பிள்ளையிடம் ஒன்று சேர்வதால் வருகிறது. உறவுக்குள் மணம் முடிக்கும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது. அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. வேறு வழிகளிலும் இந்நோய் பரம்பரையாக வரலாம். சொந்தத்தில் மணம் முடிக்காதவர்களின் பிள்ளைகளுக்கும் வருகிறது. உங்கள் குடும்பத்தில் எப்படி வந்தது என்பதை மரபணுச் சோதனைதான் சொல்ல முடியும். அவளுக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களின் கண்களையும் சோதித்துவிடுங்கள். குடும்பத்தில் அடுத்து நடக்கவிருக்கும் கல்யாணங்களைப் பேசும்போது இந்தச் செய்தியை மறைக்காமல் சொல்லுங்கள். இதற்கு மேல் இதில் நீங்கள் சுமக்கவேண்டியது எதுவும் இல்லை. தெரிந்து செய்யாத ஒன்றுக்காகத் தன்னைத் தண்டித்துக்கொள்ளும் தாய், பிராயச்சித்தமாகப் பிள்ளையின் வேலையையெல்லாம் தானே செய்யத் தொடங்கிவிடுகிறாள். அந்தப் பிராயச்சித்தத்தின் விலையைப் பிள்ளைதான் கொடுக்கிறது.

நோயின் பெயரை அவளிடம் சொல்லியிருக்கிறீர்களா என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றுமில்லை. சொல்லாமல் இருந்தால் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். மருத்துவமனையில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசியதை அவள் கேட்டிருப்பாள். பாதி தெரிந்த செய்தி முழுதாகத் தெரிந்த செய்தியைவிடப் பிள்ளைகளை அதிகம் பயமுறுத்தும். அழாமல் சொல்லமுடியாது என்று தோன்றினால் உங்கள் கணவரைச் சொல்லச் சொல்லுங்கள். “உன் பார்வை இன்னும் குறையும், எப்போது, எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, அதற்குள் நீ கற்றுக்கொள்ளவேண்டியவை சில இருக்கின்றன, நாங்கள் கூட இருப்போம்” என்ற அளவு போதும்.

இனி அடுப்படி. அம்மாச்சியின் பயம் நியாயமானதுதான்; நெருப்பு யாரைச் சுட்டாலும் சுடும். ஆனால் பார்வையில்லாத பெண்கள் நாள்தோறும் சமைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் கையாளும் முறைகள் பெரும்பாலும் நம் அம்மாச்சிகளுக்கே தெரிந்தவை. கடுகு வெடித்து அடங்குவதைக் காதால்தான் கேட்கிறோம். வெங்காயம் வதங்கியதையும் பருப்பு அடிப்பிடித்ததையும் மூக்குதான் முதலில் சொல்கிறது. உலைக்கு வைத்த தண்ணீரில் அரிசிக்கு மேல் விரலின் எத்தனை கணு என்று கைதான் அளக்கிறது. இத்தனை காலமும் கண்ணை நம்பாமல் சமைத்திருக்கும் அம்மாச்சியையே முதல் ஆசிரியராக ஆக்கிவிடுங்கள். தன் கைப்பக்குவத்தைக் கேட்டு ஒரு பேத்தி உட்காரும்போது எந்தக் கிழவியும் மறுக்கமாட்டாள்.

வரிசை முக்கியம். முதல் இரண்டு வாரம் நெருப்பே வேண்டாம். குழாயிலிருந்து தம்ளரில் தண்ணீர் பிடிப்பது, ஆட்காட்டி விரலை விளிம்பில் மடக்கி வைத்துக்கொண்டு நீர் விரலைத் தொட்டவுடன் நிறுத்துவது, பருப்பில் கல் பொறுக்குவது, பூண்டு உரிப்பது, மாவு பிசைவது எனப் பழகட்டும். காய் நறுக்குவதற்கு அரிவாள்மனையைப் பரிந்துரைப்பேன். கத்தி நகரும், அரிவாள்மனை நகராது. வாய் எங்கே இருக்கிறது என்று கைக்கு எப்போதும் தெரியும். நறுக்கி முடித்ததும் மடக்கி, எப்போதும் வைக்கும் இடத்திலேயே வைக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு வீட்டிலுள்ள அனைவருக்கும் உண்டு. இந்தக் கட்டுப்பாட்டைத்தான் எல்லாக் குடும்பங்களும் மீறுகின்றன. உப்பு டப்பாவையும் சீனி டப்பாவையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, காப்பியில் உப்பு விழுந்ததற்குப் பிள்ளையைக் குறை சொல்லும் வீடுகள் உண்டு. உப்பு டப்பாவில் ஒரு ரப்பர் பேண்டும் சீனி டப்பாவில் இரண்டும் மாட்டுங்கள். ஒவ்வொன்றும் தன் இடத்தில் இருக்கட்டும். வாளியும் அப்படித்தான். கதவுகள் ஒன்று முழுதாகத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுதாகச் சாத்தியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவின் ஓரம்தான் நெற்றியில் இடிக்கும்.

பிறகு அடுப்பு. எரியாத அடுப்பில் பாத்திரத்தை வைத்து, அது பர்னரின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் சுற்றித் தொட்டுப் பார்த்துவிட்டு, அதன் பின்னரே பற்றவைக்க வேண்டும். எரியும் அடுப்பில் பாத்திரத்தைத் தேடி வைப்பது கூடாது. தீக்குச்சி வேண்டாம், லைட்டர் போதும். பாவாடையானாலும் சுடிதாரானாலும் பருத்தித் துணியாக இருக்கட்டும். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளட்டும். பின்னல் முன்னால் தொங்கக்கூடாது. இறக்கும்போது முதலில் அடுப்பை அணைத்து, அணைந்த சத்தத்தைக் கேட்டு, அதன்பிறகு துணியைப் பிடித்து இறக்க வேண்டும். முதலில் தேநீர், பிறகு முட்டை அவிப்பது, பிறகு கஞ்சி, பிறகு தோசை. முதல் நாள் நீங்கள் அவளுக்குப் பின்னால் நின்று, அவள் கை உங்கள் கையின்மேல் இருக்கும்படி வைத்துச் செய்து காட்டுங்கள். அவள் கையை நீங்கள் பிடித்து இழுத்துச் செய்யவைத்தால் கை எதையும் கற்காது. மூன்றாம் நாள் அருகில் நில்லுங்கள். பத்தாம் நாள் வாசற்படியில் நில்லுங்கள். ஒருமுறை கை சுடும். உங்களுக்கும் எனக்கும் எத்தனை முறை சுட்டிருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள். குளிர்ந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுநாளும் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு நிறுத்திவிட்டால் பயம் மட்டும்தான் அவளிடம் தங்கும்.

சாப்பாட்டுக்கு ஒரு சொல். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவள் கண்ணுக்குக் கரைந்துவிடும். எவர்சில்வர் தட்டு விளக்கொளியில் கூசும். நம் வாழையிலை இந்தப் பிள்ளைகளுக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது: பச்சையின்மேல் சோறு பளிச்சென்று தெரிகிறது, உப்பும் ஊறுகாயும் இடது மேல்ஓரத்தில், காய்கள் வரிசையாக, சோறு நடுவில் என்று ஒவ்வொன்றுக்கும் மாறாத இடம் இருப்பதால் பார்க்காமலே எடுத்துவிடலாம். இலை இல்லாத நாளில் அடர்நிறத் தட்டு போதும். அதே ஒழுங்கில் பரிமாறுங்கள். பிசைவது அவள் வேலை.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் எழுதவேண்டும். பதின்மூன்று வயதில் மாதவிடாய் தொடங்கியிருக்கும், அல்லது தொடங்கும் நாள் தொலைவில் இல்லை. அணையாடையை வைப்பதும், மாற்றுவதும், சுற்றி அப்புறப்படுத்துவதும் அவளே செய்யவேண்டிய வேலைகள். பார்வை மங்கிய பிள்ளைகளுக்கு “நான் பார்த்துச் சொல்கிறேன்” என்று தாய்மார் பழக்கிவிட்டால், இருபத்தைந்து வயதில் அலுவலகத்திலோ கல்லூரி விடுதியிலோ அந்தப் பெண் தவித்துப் போவாள். கறை தெரியுமோ என்று பார்க்கக் காத்திராமல், நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மணிக்கணக்கு வைத்து மாற்றவேண்டும் என்று கற்றுக்கொடுங்கள். முதலில் புதிய அணையாடையைத் துணியின்மேல் ஒட்டிப் பழகட்டும். எந்தப் பக்கம் முன்பக்கம் என்று விரலால் அறியட்டும். கூடவே, வழிகாட்டுகிறேன், பேருந்தில் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லித் தொடுபவர் எல்லோரையும் அவள் அனுமதிக்க வேண்டியதில்லை என்பதையும், “கையை எடுங்கள், நான் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறேன்” என்று உரக்கச் சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு என்பதையும் சொல்லுங்கள்.

முழங்கையைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் அவள் கையைப் பிடித்து முன்னால் இழுத்துப்போகிறீர்கள். அப்படி நடக்கும்போது அடுத்த அடி எங்கே விழும் என்று அவளுக்குத் தெரியாது. இனி அவள் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வரட்டும். நீங்கள் படி ஏறினால் உங்கள் கை உயர்வதை உணர்ந்து அவளும் ஏறுவாள். நீங்கள் நின்றால் நிற்பாள். பிடியை விடும் முடிவும் அவள் கையில் இருக்கும். தோழி ஒருத்திக்கும் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பள்ளிக்குப் போக நீங்கள் தேவையில்லை.

வெள்ளைக்கோலைக் கண்டு நீங்கள் அஞ்சுவது புரிகிறது, அவளும் அஞ்சுவாள். அந்த வயதில் யாருமே தனித்துத் தெரிய விரும்பமாட்டார்கள். எனினும் கோல் இல்லாமல் நடந்து ஒருவர்மேல் மோதும்போது “கண்ணு தெரியலையா?” என்று கேட்கிறார்களே, அந்தச் சொல்லை அவள் எத்தனை முறை வாங்கியிருப்பாள் என்று கேட்டுப்பாருங்கள். கோல் இருந்தால் எதிரே வருபவர் விலகுவார், வண்டி நிற்கும், யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவி, மறைத்து மறைத்து நடந்த ஆறு ஆண்டுகளின் களைப்பு கோலை எடுத்த முதல் மாதத்திலேயே போய்விட்டது என்று என்னிடம் சொன்னாள். ஊருக்குத் தெரிந்துவிடும் என்கிறீர்கள். வாளியில் இடறி விழும் பெண்ணைப் பற்றி ஊருக்கு ஏற்கெனவே ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது. தவறாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்று நாம் கற்றுக்கொடுக்கும் முறை 1940-களில், அமெரிக்காவில் போரில் கண்ணிழந்து வந்த ராணுவ வீரர்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் என்பவர் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் உருவாக்கியது. கோல் நெஞ்செலும்பின் அளவு உயரம் இருக்க வேண்டும். கை வயிற்றுக்கு நேராக நடுவில் நிற்க, மணிக்கட்டு மட்டும் அசைந்து, கோலின் நுனி தோளகலத்தைவிடச் சற்றே அதிகமாக இடமும் வலமும் தரையைத் தொட்டுவர வேண்டும். வலக்கால் முன்னே போகும்போது நுனி இடப்பக்கம் தொடும்; அடுத்து இடக்கால் வைக்கப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே பார்த்துச் சொல்லிவிடுகிறது. கேட்க எளிதாக இருக்கும். காலும் கையும் இணங்க வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். மடக்குக்கோல் ஒன்று வாங்கினால் பகலில் பையில் வைத்துக்கொண்டு, மாலை மங்கியதும் விரித்துக்கொள்ளலாம். பார்வை மீதமிருப்பவர் கோல் பிடித்தால் ஏமாற்று வேலை என்று சிலர் பேசுவார்கள், பொருட்படுத்தாதீர்கள். இந்த நோயுள்ளவர்களுக்கு இரவில் கோல் கண்டிப்பாகத் தேவை.

நகரத்தில் நடைபாதையை வைத்துக் கற்றுக்கொடுக்கும் பாடம் உங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் தெருவில் மூடியில்லாத வாறுகால் இருக்கும், மாடு கட்டிய கயிறு குறுக்கே கிடக்கும், மோட்டார் சைக்கிள் வீட்டுவாசலில் சாய்ந்து நிற்கும், மழைக்குப் பின் கோல் நுனி சேற்றில் புதையும். அதற்குப் பதிலாக நகரத்தில் கிடைக்காத அடையாளங்கள் உங்களுக்கு உண்டு. மாவு மில்லின் இரைச்சல், கோயில் மணி, வேப்பமரத்து நிழலின் குளிர்ச்சி, அடிகுழாயின் கிறீச்சொலி, காலின்கீழ் சிமெண்டு முடிந்து மண் தொடங்கும் இடம் ஆகியவற்றைக் கோத்து அவளே ஒரு வழியை வாயால் சொல்லட்டும். வீட்டுப் படிகளின் ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் பட்டை ஒன்று அடித்துவிடுங்கள். செலவு அதிகமில்லை, பயன் மிக அதிகம்.

விடுதிப் பள்ளியைப் பற்றி என் கருத்தைத் திறந்து சொல்கிறேன். பார்வையற்றோர் பள்ளிகளின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-ல் தொடங்கிய பள்ளி, பூந்தமல்லியிலுள்ள அரசுப் பள்ளி ஆகியவை வேறு கதியில்லாத பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தந்தவை. ஆனால் உங்கள் மகளுக்கு இப்போது படிக்கும் பார்வை இருக்கிறது, தோழிகள் இருக்கிறார்கள், வீட்டில் தாயும் அம்மாச்சியும் இருக்கிறார்கள். அவளை இருக்கும் பள்ளியிலேயே வைத்துக்கொண்டு, கோடை விடுமுறையில் நடமாட்டத்துக்கும், விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் எழுத்துக்கும் தனிப்பயிற்சி கொடுப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார். தலைமையாசிரியர் வழியாக அவரை வரவழையுங்கள். மதுரை சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. பூந்தமல்லியில் தேசியப் பார்வையற்றோர் நிறுவனத்தின் வட்டார மையம் இருக்கிறது. பயிற்சியைப் பற்றி இரண்டு இடங்களிலும் விசாரியுங்கள். நீங்கள் காட்டிய மருத்துவமனையில் குறைபார்வைப் பிரிவு இருந்தால் அடுத்த முறை அங்கேயும் காட்டுங்கள். இத்தனைக்குப் பிறகும் பள்ளி ஒத்துழைக்காவிட்டால் விடுதியை எண்ணலாம். அந்த முடிவில் அவள் சொல்லுக்கும் இடம் இருக்க வேண்டும்.

படிக்க முடிகிறபோது பிரெய்ல் எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். படிக்க முடிகிற காலத்தில் கற்றால் அது இன்னொரு எழுத்து. பார்வை போனபின் கற்றால் அது இழப்பின் அடையாளமாக மனத்தில் பதிந்துவிடும். ஆறு புள்ளிகள், 63 சேர்க்கைகள். 1951-ல் ஏற்றுக்கொள்ளப்பட்ட பாரதி பிரெய்ல் முறையில் தமிழும் இருக்கிறது. நாளுக்கு அரைமணி நேரம் போதும். இதனுடன் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும், செல்பேசியில் உள்ள டாக்பேக் வசதியை இயக்கிப் பழகட்டும்; கணினிக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கும். மதுரையைச் சேர்ந்த பூரண சுந்தரி, 5 வயதில் பார்வையை இழந்தவர், 2019-ஆம் ஆண்டுக் குடிமைப்பணித் தேர்வில் 286-ஆம் இடம் பெற்றார். அதைச் சொல்லி அவளும் அப்படி ஆகவேண்டும் என்று சுமை ஏற்றாதீர்கள். இப்படியும் ஒரு வழி திறந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு உடனே விண்ணப்பியுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வைக் கூர்மையை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. பார்வைப்புலம் 40 பாகைக்குக் கீழே சுருங்கினால் குறைபார்வை, 10 பாகைக்குக் கீழே சுருங்கினால் பார்வையின்மை என்கிறது. எழுத்துப் பலகையை மட்டும் படிக்கவைத்துப் பார்வை நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனவே பார்வைப்புல அறிக்கையைக் கையோடு எடுத்துச்செல்லுங்கள். குறைபாடு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று சான்று கிடைத்தால் 18 வயதுவரை இலவசக் கல்வி, உயர்கல்வியில் 5 விழுக்காடு இடம், அரசுப் பணியில் 4 விழுக்காடு இடம் ஆகியவற்றுக்கான கதவு திறக்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரத்துக்கும் சொல்வதை எழுதுபவருக்கும் பள்ளி முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், அவள் ஒன்பதாம் வகுப்பு முடிப்பதற்குள் அட்டை கையில் இருக்கட்டும்.

கடைசியாக அண்ணாச்சி கடை. அவள் கேட்டது நல்ல கேள்வி, நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறாள். முதலில் வீட்டிலிருந்து கடைவரை அவள் உங்கள் முழங்கையைப் பிடித்தபடி நான்கு நாள் நடந்து, வழியிலுள்ள அடையாளங்களை உரக்கச் சொல்லட்டும். பணத்தையும் பழக்குங்கள். 10 ரூபாய்த் தாள் 123 மில்லிமீட்டர் நீளம், 20 ரூபாய் 129, 50 ரூபாய் 135, 100 ரூபாய் 142 என்று புதிய தாள்கள் ஒவ்வொன்றும் நீளத்தில் வேறுபடுகின்றன. விரல்களுக்கு இடையே பிடித்துப் பழகினால் ஓரிரு வாரத்தில் தெரிந்துவிடும். 100 ரூபாய்த் தாளின் இரு ஓரங்களிலும் நான்கு மேடான கோடுகளும் 500 ரூபாய்த் தாளில் ஐந்தும் இருக்கும். பழைய தாளில் தேய்ந்துவிடும் என்பதால் நீளத்தையே முதலில் நம்பட்டும். 50 ரூபாயை இரண்டாகவும் 100 ரூபாயை நான்காகவும் மடித்துப் பையின் தனித்தனி அறையில் வைக்கலாம்.

ஐந்தாம் நாள், வெயில் நன்றாக இருக்கும் காலைப்பொழுதில், நீங்கள் பத்தடி பின்னால் வாருங்கள், பேசாதீர்கள். அவள் தடுமாறினால் பத்து எண்ணும்வரை பொறுங்கள். பெரும்பாலும் அதற்குள் வழியைக் கண்டுபிடித்துவிடுவாள். வாறுகால், வண்டி என்று உண்மையான ஆபத்து இருந்தால் மட்டும் “நில்” என்று ஒரே சொல் சொல்லுங்கள். அண்ணாச்சியிடம் முன்பே போய், மீதிச் சில்லறையை எண்ணிச் சொல்லிக் கையில் கொடுக்கும்படியும், உங்களைப் பார்த்துப் பேசாமல் அவளைப் பார்த்துப் பேசும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து நீங்கள் வாசற்படியிலேயே நின்றுகொள்ளலாம். கால் கிலோ சீனி வாங்கி வரச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் அதைப் போட்டு அவளே தேநீர் வைக்கட்டும்.